கடைசி இடத்துக் கௌரவம்

மணியைக் கையிலும் மனச்சாட்சியை மடியிலும் வைத்துக்கொண்டு இந்த மன்றத்தை நடத்தும் தலைவர் கஸ்தோன் பிவே அவர்களே! பாரிஸிலிருந்து மாலை ரயிலில் வந்து, அடுத்த ரயிலில் திரும்பத் துடித்துக்கொண்டிருக்கும், நமது மேற்குப் பகுதிப் பட்டியலின் முதல் வேட்பாளர், முன்னாள் மாநகரத் தந்தை, நாடாளுமன்ற உறுப்பினர், பெருமதிப்பிற்குரிய உபேர் தெ மொன்ரெவெல் அவர்களே! மூத்தோர் என்ற உரிமையில் முன்வரிசை முழுவதையும் பிடித்துவிட்ட பெரியோர்களே! சேற்றில் நின்று, உப்பில் நனைந்து, சிப்பி மூட்டைகளைப் புரட்டிப் புரட்டித் தோள் தேய்ந்த தாய்மார்களே! பின்சுவரில் சாய்ந்தபடி, பேச்சு எப்போது முடியும், மது எப்போது வரும் என்று மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த யோலாந்த் பெத்துசோவின் பணிவான, ஆனால் பயமில்லாத வணக்கம்!

வரும், ஒலிவியே, வரும்! உன் கைக்கு எட்டாத இடத்தில் நானேதான் வைத்திருக்கிறேன். முதலில் பேச்சு.

என்னை எதற்காக இந்த மேடைக்கு அழைத்தார்கள்? ஐந்து ஆண்டுகளாக ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நம் போர்-சவின் துறைமுகத்தின் குரலாக ஒலித்த கொரின் கபொரி அம்மையாரை வாழ்த்தி, வணங்கி, வழியனுப்ப! அந்த ஐந்து ஆண்டும் அவருடைய உதவியாளராக உடனிருந்தவள் நான். ஆகவே அழகாக நாலு வார்த்தை பேசு, கண்கலங்கு, பூங்கொத்தைக் கொடு, இறங்கு என்றார்கள். பூங்கொத்து அதோ இருக்கிறது. நல்ல பூங்கொத்துதான்.

வரும் தேர்தலில் அம்மையாருக்குப் பட்டியலின் கடைசி இடமாம். கட்சி வாங்கும் வாக்குக்குத் தக்கபடி மேலிருந்து கீழாகத்தான் நாற்காலி கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாதா? கடைசி இடம் என்றால் கௌரவ இடமாம்! நம் நாட்டில் அந்த இடம் யாருக்கு? ஓய்வுபெற்ற செனட்டருக்கு, உடல் தளர்ந்த பேராசிரியருக்கு, ஒரு காலத்தில் பாட்டுப் பாடிய நடிகருக்கு! அந்த இடத்தில் நின்று எவராவது ஜெயித்ததுண்டா? ஜெயித்ததாக இந்த மண்டபத்தில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? பெயர் அச்சில் ஏறும், ஆள் வீட்டில் இருப்பார். அதற்குப் பெயர் கௌரவம் என்றால், அவமரியாதைக்கு நாம் வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

ஐயா மொன்ரெவெல் முகத்தைச் சுளிக்கிறார். பொறுங்கள் ஐயா, இன்னும் வாழ்த்தத் தொடங்கவேயில்லை!

பெரியோர்களே, கொரின் யார்? அமைச்சர் வீட்டுப் பிள்ளையா? பெரிய கல்லூரிகளின் பட்டம் பெற்றவரா? நம் கடைத்தெரு முனையில் இருக்கிறதே கபொரி ஓட்டுநர் பள்ளி, அதன் ஆசிரியை! இந்த மண்டபத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அதட்டலில் வியர்த்து, உரிமம் வாங்கியவர்கள். நான் மூன்று முறை தோற்று நான்காம் முறை தேறியவள். சிரிக்காதீர்கள் மருந்துக்கடை கிஸ்லேன், நீங்கள் தேர்வன்று ரவுண்டானாவின் நடுவிலேயே ஏறி நின்றவர்!

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. பேசியவர் இதோ அமர்ந்திருக்கும் ஐயா அவர்கள்தான். "அம்மா, பட்டியல்ல நாலாவது இடம் உங்களுக்கு. பயப்படாதீங்க, நம்ம கட்சிக்கு மூணுக்கு மேல வராது. கடற்கரைப் பக்கத்து ஊர்ப்பேரு ஒண்ணு வேணும், அவ்வளவுதான்."

கொரின் என்ன சொன்னார் தெரியுமா? "ஜெயிக்காம இருக்கத்தானே கூப்பிடுறீங்க? அதுக்கு நான் எதுவும் தயார் பண்ண வேண்டாமே? சரி, எழுதிக்கோங்க. ஏய் தம்பி, பிரேக்கு! பிரேக்கு!" கடைசி வார்த்தை மாணவனுக்கு. ஐயா அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, உடனே வைத்துவிட்டார்.

மூன்று பேர் ஜெயித்தார்கள், ஐயாவும் அதில் ஒருவர். கணக்கு சரி. ஆனால் முதலாமவர் என்ன செய்தார்? நம் பெருந்தலைகளுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு பேருந்து நிறுத்தம். நின்றுகொண்டே இருப்பார்கள், பாரிஸ் பேருந்து வந்ததும் ஏறிவிடுவார்கள்! அவருக்கு அமைச்சர் பதவி வந்தது, அரை ஆண்டு முடியுமுன் ஏறிவிட்டார். காலியான நாற்காலி பட்டியலில் அடுத்தவருக்குப் போனது. ஓட்டுநர் பள்ளிக் கதவில் அட்டையை மாட்டிவிட்டு, நம் கொரின் அந்த நாடாளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பர்க் போய்ச் சேர்ந்தார்!

அங்கே ஒவ்வொருவரும் ஒரு சட்ட வரைவைப் பொறுப்பெடுக்க வேண்டும். வெளியுறவு வேண்டும் என்று ஒரு கூட்டம், விண்வெளி வேண்டும் என்று ஒரு கூட்டம். சிப்பி வளரும் கடற்கழி நீரின் தூய்மை என்று ஒன்று மேசையில் ஆறிப்போய்க் கிடந்தது. "சாக்கடை விவகாரமா? அதை அந்த டிரைவிங் ஸ்கூல் அம்மாகிட்ட தள்ளுங்க" என்றது ஒரு குரல். யாருடைய குரல் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குரலுக்குரியவர் இப்போது தண்ணீர் குடிக்கிறார்.

தாய்மார்களே! அந்தச் சாக்கடை விவகாரம்தான் நம் சோறு, நம் கூரை, நம் உயிர் என்பது உங்களுக்குத் தெரியாதா? குளிர்கால மழையில், ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் மேல்நகரங்களின் கழிவுநீர் பொங்கி ஆற்றில் இறங்குகிறது. ஆறு நம் கழியில் இறங்குகிறது. கிருமி நம் சிப்பியில் இறங்குகிறது. அழுக்கு அவர்களுடையது, அவப்பெயர் நம்முடையது! வரைவு என்ன சொன்னது? ஒருமுறை ஒரு துளி கிருமி அகப்பட்டால், அந்தக் குளிர்காலம் முழுவதும் கழிக்குப் பூட்டு. குளிர்காலம் முழுவதும் என்றால் கிறிஸ்துமஸும் சேர்த்து, புத்தாண்டும் சேர்த்து! மூன்று ஆண்டு வளர்த்த சிப்பியை அந்த இரண்டு வாரத்தில் விற்கவில்லை என்றால், ஜனவரியில் எத்தனை வீட்டில் அடுப்பெரியும்? இரண்டு குளிர்காலம் அப்படிப் போனால் இந்த ஊரில் எத்தனை வீடு இருக்கும்?

அந்த வரைவை விடாப்பிடியாகத் தாங்கி நின்றவர் ஆஸ்திரியாவின் மலைநாட்டிலிருந்து வந்த உறுப்பினர், டாக்டர் எல்ஃப்ரீதே க்ரூபர். கடலே இல்லாத நாட்டுக்காரிக்குச் சிப்பியைப் பற்றி என்ன தெரியும் என்று நாம் கொதித்தோம். கொதித்தோமா இல்லையா? ஒலிவியே, நீ அவர் பெயரை உன் நாய்க்கு வைத்தாய்!

நம் மொன்ரெவெல் ஐயா அவையில் எழுந்தார். ஆகா, என்ன பேச்சு! அந்த முழக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் மூச்சுத் திணறினார்கள். பிரான்சின் பெருமை என்றார், கடலின் அருமை என்றார், பிரஸ்ஸல்ஸின் சிறுமை என்றார். முடித்தார், மொழிபெயர்ப்பு கேட்கும் காதுக்கருவியைக் கழற்றினார், ரயிலைப் பிடித்தார். டாக்டர் க்ரூபர் பதில் சொல்ல எழுந்தபோது எதிரே காலி நாற்காலி. அந்த அம்மா காலி நாற்காலியைப் பார்த்துத்தான் பேசினார். கேட்டவர் ஒருவர். கொரின்!

பேசி முடித்த டாக்டரிடம் போய்க் கொரின் கேட்டார். "வெள்ளிக்கிழமை என்ன பண்றீங்க?"

"ஊருக்குப் போறேன். ஏன்?"

"என் கூட வாங்க. எங்க கழியைக் காட்டுறேன். கார்லதான். ஒரு நாள் பூரா ஆகும்."

"ஒரு நாள் பூராவா? உங்க கூடவா? நீங்க என்னைத் திட்டவா கூட்டிட்டுப் போறீங்க?"

"திட்டணும்னா இங்கயே திட்டியிருப்பேனே. வண்டியில உக்காந்தா ரெண்டு பேரும் பாதியில எந்திரிச்சுப் போக முடியாது. அதுக்குத்தான்."

நான் பின் இருக்கையில் இருந்தேன், தோழர்களே! நாடு முழுவதையும் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தோம். பாதி வழியில் கொரின் வண்டியை நிறுத்தி டாக்டரை ஓட்டச் சொன்னார். பள்ளியின் கார், ஆசிரியை பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. டாக்டர் மலைப்பாதையில் ஓட்டுகிறவர், வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்.

"கண்ணாடியைப் பாருங்க டாக்டரம்மா!"

"பார்த்தேன்!"

"பார்க்கல. நான் உங்க கண்ணைத்தான் பார்த்துட்டிருந்தேன். லாரி வருது, விடுங்க, அவன் போகட்டும்."

"நீங்க எப்பவுமே இப்படித்தானா?"

"ஆமா. நீங்க எதுக்குப் பயப்படுறீங்க? அதைச் சொல்லுங்க. சட்டத்தைச் சொல்லாதீங்க, பயத்தைச் சொல்லுங்க."

டாக்டர் லாரிக்கு வழிவிட்டார். பிறகு சொன்னார். ஒரு முதியோர் இல்லத்தில் பண்டிகை விருந்து. கெட்ட சிப்பி. ஒரே வாரத்தில் அவர் கைகளிலேயே நாலு பேர் போனார்கள். "நான் டாக்டர். என்னால ஒண்ணும் பண்ண முடியல. இனி எவனும் அப்படிச் சாகக் கூடாது" என்றார். நாம் நாய்க்குப் பெயர் வைத்துச் சிரித்த அந்த அம்மா, பெரியோர்களே, நம்மைப் போலவே தன் மக்களுக்காகத்தான் அழுதுகொண்டிருந்தார்.

மாலையில் கழிக்கரையில் நின்றோம். கொரின் சிப்பியைத் திறந்து நீட்டவில்லை. ஆற்றின் பக்கம் கையைக் காட்டினார். "அழுக்கு அங்கேருந்து வருது. பூட்டு இங்க போடுறீங்க. கிருமி வந்தா உடனே மூடுவோம். தினமும் சோதிப்போம். தண்ணி சுத்தமான அன்னிக்கே திறப்போம். ஆனா அழுக்கை அனுப்புற ஊரு தன் சாக்கடையைச் சரிபண்ணியே ஆகணும். அது சட்டத்துல இருக்கணும்." டாக்டர் யோசித்தார். "என் ஆளுங்க காப்பாத்தப்படுவாங்களா?" என்று கேட்டார். "இப்ப இருக்கிறதை விட அதிகமா" என்றார் கொரின்.

அன்றிரவு விருந்தில் நம் சிப்பி வளர்ப்போர் சங்கத் தலைவர் டாக்டருக்குத் தட்டு நிறையச் சிப்பியை வைத்தார். "மன்னிச்சுக்கோங்க, செத்தாலும் தின்ன மாட்டேன். ஆனா கை தூக்குவேன்" என்றார் டாக்டர். ரொட்டியும் வெண்ணெயும் தின்றுவிட்டுப் படுக்கப் போனார். அந்த நேர்மைக்கு இப்போதாவது கைதட்டுங்கள்!

தட்டுங்கள், இன்னும் தட்டுங்கள். ஸ்ட்ராஸ்பர்க் வரை கேட்கட்டும்.

கழிக்கரையில் பேசியதைக் கொரின் வரைவுக்குத் திருத்தமாக எழுதிக் கொடுத்தார். எல்லாம் சுபம் என்று நினைத்தோம். அடுத்த அமர்வில் மொன்ரெவெல் ஐயா கொரினைத் தன் அறைக்கு அழைத்தார். ஐயா, நானும் அந்த அறையில் இருந்தேன், பார்வையால் என்னை எரிக்க வேண்டாம். "கொரின், உன் திருத்தம் தோக்கணும்" என்றார். "ஏன்?" "சாக்கடைக்குச் செலவு பண்ணணும்னா ஆத்துக்கு மேல இருக்கிற என் ஊருதான் முதல்ல தோண்டணும். என் ஆளுங்க என்னை விடுவாங்களா?" "தோத்தா பழைய வரைவு அப்படியே நிறைவேறிடும். கழிக்குப் பூட்டு விழுந்துடும்." "விழட்டுமே! அப்ப பிரஸ்ஸல்ஸைத் திட்டலாம். உங்க ஊர்க்காரங்க கூடச் சேர்ந்து நானே திட்டுறேன், போதுமா? திட்டுறதுக்கு ஓட்டு விழும், தெரிஞ்சுக்கோ. மீறிக் கை தூக்கினே, அடுத்த பட்டியல்ல ஜெயிக்கிற இடத்துல உன் பேரு இருக்காது."

கொரின் நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்கிட்ட லைசென்ஸ் இருக்கு ஐயா. வண்டி ஓட்டிப் பொழச்சுக்குவேன். எங்க ஊரு என்ன ஓட்டும்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பயம் இல்லாதவர் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த வேலையை அவர் நேசித்தார், அதை இழக்கப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வாக்கெடுப்பு நாள்! நண்பகல் வேளை. அந்த அவையின் வழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். நூற்றுக்கணக்கான திருத்தங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று யார் நினைவில் வைத்திருப்பது? ஆகவே ஒவ்வொரு கட்சிக் குழுவிலும் முன்வரிசையில் ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். மேலே என்றால் ஆம், கீழே என்றால் இல்லை. பின்னால் இருப்பவர்கள் விரலைப் பார்ப்பார்கள், கை தூக்குவார்கள். அறிவு ஓய்வெடுக்கும், விரல் ஆட்சி செய்யும்! அன்று நம் குழுவின் விரல், நம் மொன்ரெவெல் ஐயாவின் விரல். கொரினின் திருத்தம் வந்தது. விரல் கீழே சாய்ந்தது.

"ஆதரிப்போர்?" என்றார் அவைத் தலைவர். ஒரு கை எழுந்தது! விரலுக்கு நேர் பின்னால், எல்லோரும் குனிந்திருந்த வரிசையில், ஒற்றைக் கை எழுந்தது! நம் பிள்ளைகளின் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக்கிய கை! எதிர்ப்புறத்தில் டாக்டர் க்ரூபரின் கை எழுந்தது. கொரினுக்குப் பின்னால் ஒரு போர்த்துகீசிய அம்மா விரலைப் பார்த்தார், கொரினைப் பார்த்தார், எழுந்தது அவர் கை. ஓர் ஐரிஷ்காரர். இரண்டு கிரேக்கர்கள். பிறகு வரிசை வரிசையாக! அவைத் தலைவரால் எண்ணி முடிக்க முடியவில்லை. "சரிபாருங்கள்! சரிபாருங்கள்!" என்று அவையெங்கும் கூச்சல். இயந்திரத்தில் வாக்களித்தார்கள். பலகை ஒளிர்ந்தது. ஒன்பது வாக்கில் வென்றோம்! ஒன்பதே வாக்கில் இந்தக் கழி பிழைத்தது! பார்வையாளர் மாடத்தில் நான் கத்திய கத்தலில் காவலர் என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்.

சென்ற டிசம்பரில் கிருமி வந்தது. வந்ததா? கழியை மூடினோம். ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிந்தது. திறந்தோமா? கிறிஸ்துமஸுக்கு முன் கடைசி மூட்டை வரை விற்றோமா? மேல்நகரத்தில் இன்று தெருத்தெருவாகத் தோண்டிக் குழாய் பதிக்கிறார்களா இல்லையா? சொல்லுங்கள்! நான் மட்டும் சொன்னால் போதாது, நீங்கள் சொல்லுங்கள்!

அப்படிப்பட்டவருக்குத்தான் கடைசி இடம். சரி, ஜெயிக்கக்கூடிய இரண்டாம் இடம் யாருக்கு? அதில் யார் பெயர் என்று இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. என் பெயர்! யோலாந்த் பெத்துசோ!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். போன வாரம் ஐயா என்னை அழைத்துச் சொன்னார். எனக்கு ஆசை இல்லையா? இருந்தது. தலை சுற்றும் அளவுக்கு இருந்தது. ஐந்து ஆண்டு அடுத்தவர் பேச்சை எழுதியவளுக்குத் தன் குரலில் ஒருமுறை பேச ஆசை இருக்காதா? இன்று மாலை வண்டியில் வரும்போது கொரினிடம் சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "நீ போ யோலாந்த். நம்ம ஊர்லேருந்து ஒருத்தி போகணும், அது நீயா இருந்தா எனக்குச் சந்தோஷம்" என்றார். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தைக் காட்டவில்லை.

அந்த முகத்தைப் பார்க்காமல் நான் இரண்டாம் இடத்தில் உட்காரவா?

மாட்டேன்! தலைவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் கையெழுத்து இல்லாமல் பெயர் செல்லாது. நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். நாளை நண்பகலுக்குள் பட்டியல் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆண், பெண், ஆண், பெண் என்று மாறி மாறி வராத பட்டியலை நம் சட்டம் வாங்காது. ஐயா, உங்களுக்கு அடுத்து ஒரு பெண் இல்லை என்றால், நீங்களும் இல்லை!

என்ன சொன்னீர்கள்? மிரட்டலா? மேடையில் நின்று, ஒலிபெருக்கியில், ஊரறியச் சொல்வது மிரட்டலா? கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறையில் சொன்னது என்ன ஐயா, தாலாட்டா?

தேடுங்கள், தாராளமாகத் தேடுங்கள். இந்த மண்டபம் நிறையப் பெண்கள்தான். மருந்துக்கடை கிஸ்லேன்? "என்னைப் பாக்காதீங்க ஐயா, எனக்குக் கழுத்து சுளுக்கு!" கேட்டீர்களா? பள்ளி ஆசிரியை மொனிக்? எழுந்து நின்று தலையசைக்கிறார். ரொட்டிக்கடை செவெரின்? "போட மாட்டேன், போட மாட்டேன், போடவே மாட்டேன்!" அடடா, அது என்ன, பின்வரிசையில் நம் சிப்பித் தொட்டித் தாய்மார்கள் மொத்தமாக எழுகிறார்களே! ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்களா? நான் கேட்டுக்கொள்ளவில்லை, மொன்ரெவெல் ஐயா, சத்தியமாக ஒருவரிடமும் நான் முன்கூட்டிப் பேசவில்லை. என் கண்ணில் நீர் வருவதே அதனால்தான்.

ஒலிவியே! கதவை விட்டு நகராதே! கொரின் நழுவப் பார்க்கிறார். எங்கே போகிறீர்கள் கொரின்? நில்லுங்கள்!

ஐயா எழுந்துவிட்டார். சொல்லுங்கள் ஐயா. இரண்டாம் இடம் கொரினுக்கா? ஒப்புக்கொள்கிறீர்களா? நல்லது. மனதார நன்றி... என்ன? பின்னாலிருந்து என்ன கத்துகிறீர்கள்? முதல் இடமா?

முதல் இடம்!

ஐயா, நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. பெண், ஆண், பெண், ஆண் என்று தொடங்கினாலும் சட்டம் வாங்கிக்கொள்ளும். பட்டியலை உறுதி செய்வது இந்த அவை என்று நம் கட்சி விதி சொல்கிறது. தலைவர் அவர்களே, மணியடியுங்கள். கொரின் கபொரி முதலிடம், உபேர் தெ மொன்ரெவெல் இரண்டாமிடம். ஆதரிப்போர் யார்?

எனக்குக் கண் மறைக்கிறது. தலைவர் அவர்களே, நீங்களே எண்ணுங்கள். உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினால் சீக்கிரம் முடியும்.

என்னைப் பேச அழைத்த தலைவருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், எழுந்து நின்ற தாய்மார்களுக்கும், இடம் மாறி அமரப்போகும் மொன்ரெவெல் ஐயாவுக்கும் நன்றி. கொரின், வாங்க, மேலே வாங்க, இந்த ஒலிபெருக்கியைப் பிடிங்க. வழியனுப்ப என்னை அழைத்தீர்கள். வழிவிட்டு அமர்கிறேன். வணக்கம்!